மாடியில் பூனையும் குரங்கும்: காஞ்சிபுரத்து ஹைபிரிட் இன்வெர்ட்டர் பற்றிய தத்துவ விசாரணை

காஞ்சிபுரத்தில் மாடிக்கு சோலார் போட நினைக்கிறவர் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்கிறார்: எத்தனை கிலோவாட், எத்தனை வருஷம் வாரண்டி, கடைசியாக என்ன விலை. மூன்றும் இரண்டாந்தரக் கேள்விகள் என்பதே இந்த ஆய்வின் துணிபு. முதற்கேள்வி வேறு. கரண்ட் போன நேரத்தில் வீடு தானே எதையாவது பற்றிக்கொண்டு நிற்க வேண்டுமா, அல்லது வேறொருவர் வந்து தூக்கிக்கொள்ளும்வரை கிடக்க வேண்டுமா? இந்த ஊருக்கு இது பழகிய கேள்விதான். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தன் கையாலேயே இறுகப் பற்றிக்கொள்கிறது. ஜீவனும் அப்படித் தன் பங்குக்கு முயல வேண்டும் என்பது வடகலையாரின் மார்க்கட நியாயம். பூனைக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது, தாய் வாயில் கவ்விக்கொண்டு போகிறது. ஜீவனுக்குச் சரணாகதியே போதும் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். வரதராஜப் பெருமாள் கோயிலில் யார் எதை எப்போது சேவிப்பது என்று இரு தரப்பாரும் நீதிமன்றப் படியேறத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிறது. அந்த வழக்கில் இக்கட்டுரை தலையிடாது. மாடிப்படி வழக்கோடு நிறுத்திக்கொள்ளும்.

முதலில் புராணச் சான்று. தன்னை விட்டுவிட்டுப் பிரம்மா யாகம் தொடங்கினார் என்று கோபித்துக்கொண்ட சரஸ்வதி உலகத்தை இருட்டடித்தாள். திருமால் ஒளியாக வந்து நின்றார், யாகம் தடைப்படாமல் நடந்தது என்கிறது தலபுராணம். தூப்புலில் உள்ள விளக்கொளிப் பெருமாள் கோயில் இந்தக் கதைக்கு உரியது. மின்தடைக்கு மாற்று ஏற்பாடு செய்ததாக இந்த வட்டாரத்தில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு இதுதான் என்பதோடு, அன்றைய ஏற்பாட்டில் யாகசாலை ஒன்றே அத்தியாவசிய லோடாகக் கருதப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. பிரம்மாவின் சமையல்கட்டுக்கு வெளிச்சம் வந்ததா என்று புராணம் சொல்லவில்லை. குரங்கு நியாயத்தின் பெரும் ஆசாரியரான வேதாந்த தேசிகர் 1268-ல் பிறந்ததும் இதே தூப்புலில்தான். தற்செயல் என்று இதைத் தள்ளிவிட ஆராய்ச்சி மனம் இடம் தரவில்லை.

அடுத்தது பௌதிகச் சான்று. ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் கலப்பற்ற பூனைக்குட்டி. மின்வாரியக் கம்பியில் கரண்ட் இருக்கும்வரை அது பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கும் வாரியத்துக்கும் வாரி வழங்கும். கம்பி செத்த மறுகணம் தானும் அடங்கிவிடும். உச்சி வெயில் பேனலைப் பொசுக்கிக்கொண்டிருக்க, கீழே ஃபேன் நின்றுபோயிருக்கும் விநோதத்துக்கு இதுவே காரணம். இதைப் பழுது என்று நினைக்கக்கூடாது. கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மீது நம் மாடியிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்த ஒழுக்கம். ஆஃப்-கிரிட் இன்வெர்ட்டரோ முழுக் குரங்கு. வாரியம் இருந்தாலும் செத்தாலும் அதற்குக் கவலையில்லை, தன் பேட்டரியே தன் பிடி. பிடி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் சிக்கல். ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பிடித்தால் பேனல் கொஞ்சம்தான் தரும், குட்டி நழுவிவிடும். மறுபக்கம், 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையிலும் சுற்றுவட்டத்திலும் கம்பங்கள் சாய்ந்து பல இடங்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. பூனைக் கட்சியார் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இரண்டையும் சமரசம் செய்யவே ஹைபிரிட் வந்தது என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். இந்த ஆய்வு அதை மறுக்கிறது. ஹைபிரிட் யாரையும் சமரசம் செய்வதில்லை. வரதர் கோயிலைப் போல, இரு கட்சியையும் ஒரே கூரைக்குள் விட்டுவிட்டு முறை எப்படி என்று நம்மையே தீர்மானிக்கச் சொல்கிறது. பெட்டியின் சிறு திரையில் ‘பிரையாரிட்டி’ என்றொரு செட்டிங் இருக்கும். முதலில் சோலார், பிறகு பேட்டரி, வாரியம் கடைசியில் என்று வைத்தால் வீடு குரங்காகிறது. சோலாருக்கு அடுத்தபடி வாரியம், பேட்டரி ஆபத்துக்கு மட்டும் என்று வைத்தால் பூனையாகிறது. அறுபதாயிரத்துப் பெட்டியானாலும் ஒன்றரை லட்சத்துப் பெட்டியானாலும் சித்தாந்தம் அந்த ஒரு செட்டிங்கில்தான் அடங்கியிருக்கிறது. இங்கே போலிச் சமயிகள் பற்றியும் ஒரு சொல். ஹைபிரிட் என்ற பெயரில் விற்கும் பெட்டிகளில் பல வாரியத்திடமிருந்து மின்சாரம் வாங்கிக்கொள்ளுமே தவிரத் திருப்பித் தராது. அவற்றை நெட் மீட்டரோடு சேர்க்க முடியாது. ‘இது கிரிட்டுக்கு ஏற்றுமதி செய்யுமா?’ என்று கேட்டால் கடையில் கொஞ்சம் மௌனம் நிலவும். அந்த மௌனத்தின் நீளம் ஆய்வுக்குரியது.

அப்படியானால் எந்தக் கட்சி? பேட்டரியின் இயல்பே விடை சொல்கிறது. நெட் மீட்டர் உள்ள வீட்டில் பகலில் மிஞ்சிய யூனிட் வாரியத்துக்குப் போய்க் கணக்கில் கழிகிறது. அதையே பேட்டரியில் போட்டு இரவில் எடுத்தால், போட்ட பத்தில் லித்தியம் ஏறக்குறைய ஒன்பதையும் டியூபுலர் எட்டையும்தான் திருப்பித் தரும். ஆகவே கம்பியில் உயிர் இருக்கும்வரை சரணாகதியே லாபம். பேட்டரி மின்தடைக்கு மட்டும் என்றால் அது எவ்வளவு நேரம் வேலை செய்யும்? அத்தி வரதரோடு ஒப்பிட்டால் விளங்கும். அனந்தசரஸ் குளத்தில் 40 ஆண்டு கிடந்து, 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் தந்தார். ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு காலம். வாரத்துக்கு அரை மணி கரண்ட் போகும் தெருவில் பேட்டரி வெளிப்படுவது 336-ல் ஒரு பங்கு. விகிதம் வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: பேட்டரிக்குக் கிடந்தாலும் வயதாகும். நாற்பது வருஷம் கழித்துத் திறந்து பார்க்கும் பாக்கியம் அதற்கு இல்லை. எனவே பேட்டரி சின்னதாக இருக்க வேண்டும். நாலு விளக்கு, மூன்று ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், வைஃபை எல்லாம் சேர்ந்து சராசரி 350 வாட் இழுத்தால், நாலு மணி நேரத்துக்கு 1.4 யூனிட் ஆகும். 51.2 வோல்ட், 50 ஏஎச் லித்தியம் பேட்டரியில் இருப்பது 2.56 யூனிட். தாராளம். இதற்கு இரட்டிப்பு வாங்கச் சொல்பவர் உங்கள் நலனைவிடத் தன் நலனைப் பற்றியே சிந்திக்கிறார் என்று கொள்ளலாம்.

அரசாங்கமும் பூனைக் கட்சிதான் என்பதற்கு ஆதாரம் 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம். வாரியக் கம்பியோடு இணைந்த பேனலுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பேட்டரிக்குத் தனியாக ஒரு காசு கிடையாது. பற்றிக்கொள்ள விரும்புகிறவர் சொந்தச் செலவில் பற்றிக்கொள்ளட்டும் என்பது கொள்கை போலும்.

மறுப்புகளுக்கு வருவோம். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் கேட்கக்கூடும்: எனக்கு எதற்கு இந்த வேதாந்தம்? நியாயமான கேள்வி. வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் நடப்பு. கைத்தறிக்கு அது 2023-ல் 200-லிருந்து 300 யூனிட்டாக உயர்ந்தது. குழித்தறிக்கு மோட்டார் கிடையாது. மிதியும் நாடாவும் மனிதக் கால் கைகளால் ஓடுபவை. பில்லே வராத இடத்தில் பேனல் எதை மிச்சப்படுத்தும்? ஆனால் கோர்வை சேரும் இடத்தில் இழை பார்க்க வெளிச்சம் வேண்டும், வேர்வை பட்டில் விழாமலிருக்கக் காற்று வேண்டும். இரண்டு 20 வாட் டியூப்லைட்டும் 70 வாட் ஃபேன் ஒன்றும் சேர்ந்து 110 வாட். 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலரில் உள்ள 1.8 யூனிட்டில் பாதியை மட்டுமே எடுத்தாலும், இழப்பு போக ஏழு மணி நேரம் தாங்கும். இவருக்குப் பேனலும் வேண்டாம், ஹைபிரிட்டும் வேண்டாம். இவர் பிறவிக் குரங்கு. சாதாரண இன்வெர்ட்டரும் மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் பொறுமையும் போதும். கட்சியை முதலில் தீர்மானித்தால் சிலர் எதையுமே வாங்காமல் தப்பிக்கலாம் என்பதால் இந்த ஆய்வு வணிகர்களிடம் வரவேற்பு பெறாது.

இரண்டாம் மறுப்பு கோபுர நிழல் பற்றியது. கிருஷ்ணதேவராயர் 1509-ல் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் ஏறக்குறைய 58 மீட்டர் உயரம். காஞ்சிபுரம் 12.8 பாகை வட அட்சத்தில் இருப்பதால், மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 54 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது கோபுர நிழல் வடக்கே 43 மீட்டர் அளவே போகும், அதாவது பெரும்பாலும் கோயிலுக்குள்ளேயே விழும். ஆனி மாதம் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுவதால் நிழல் சற்றே தெற்கு நோக்கித் திரும்பும். சாயங்கால நிழல் நீளம்தான், ஆனால் அந்நேரத்து வெயிலுக்கு விலையும் குறைவு. ஆகக் கிருஷ்ணதேவராயர் குற்றமற்றவர். உண்மையான குற்றவாளி மாடியிலேயே இருக்கிறது: கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. வரிசையாகக் கோத்த பேனல்களில் ஒன்றின் மேல் அதன் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தியும் அடி வாங்கும்.

கடைசி மறுப்பு வீட்டுக்குள்ளிருந்து வரும்: கரண்ட் போனால் மோட்டார் ஓடுமா? ஓடாது, ஓட்டவும் கூடாது. ஒரு எச்.பி. என்பது 746 வாட் என்றாலும் கிளம்பும்போது அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஹைபிரிட்டில் பேக்கப்புக்கென்று தனி டெர்மினல் உண்டு. அதில் எந்த ஸ்விட்ச் சேர வேண்டும் என்பதை வயரிங் செய்யும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். யாகசாலையையும் சமையல்கட்டையும் அன்றே பிரித்துவிட வேண்டும். பெட்டி வாங்கும்போது ஐபி 65 என்ற முத்திரையையும் தேடுங்கள். தூசியும் தண்ணீரும் புகாது என்பது அதன் பொருள், பல்லியும் புகாது என்பது அதன் பயன். மேலே பல்லி விழுந்த தோஷத்துக்கு வரதர் கோயிலில் தங்கப்பல்லியைத் தொட்டுவிட்டு வந்துவிடலாம். இன்வெர்ட்டர் போர்டின் மேல் பல்லி விழுந்தால் பரிகாரம் எதுவும் கண்டறியப்படவில்லை, வாரண்டியும் அதை ஏற்பதில்லை.