வரிக்கடை வெற்றிட விசாரம்

வரியின் கடைசி எழுத்துக்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாமல் நின்று காரியம் கெடுப்பது யாதோ எனின், ஸ்பேஸ் என்க. ஆஸ்கி அட்டவணையில் அதற்கு 32 என்று எண் உண்டு, உருவம்தான் இல்லை.

திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு பூட்டுக் கடையில் ஜாவாவில் எழுதிய பில் மென்பொருள் ஓடுவதாகக் கொள்வோம். கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி, டேட்டாபேஸ் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்து மென்பொருளின் அமைப்புகளை வைத்திருக்கும் புராப்பர்டீஸ் ஃபைலில் ஒட்டுகிறார். ஒரு ஸ்பேஸும் கூடவே தொற்றிக்கொண்டு வருகிறது. பெயருக்கும் மதிப்புக்கும் நடுவே நிற்கும் சமக்குறிக்கு இருபுறமும் உள்ள வெற்றிடத்தை ஜாவா கழித்துவிடும். வரிக்கடைசியில் உள்ளதையோ பாஸ்வேர்டின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டு தப்பு என்கிறது சர்வர். தம்பி எழுத்தெழுத்தாகப் படிக்கிறார், எல்லாம் சரி. "நேத்து வரைக்கும் ஓடுச்சேப்பா" என்கிறார் முதலாளி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் சாவியின் வெட்டு பிசகினால் திறக்காதுதான். ஆனால் அங்கே பிசகு கண்ணில் படும், அரம் போட்டுத் தேய்க்கலாம்.

இவ்விடத்தில் கட்சி இரண்டு. பைத்தான் மொழியில் அமைப்பு ஃபைலைப் படிக்கும் கான்ஃபிக்பார்சர், மதிப்பின் இருபுற வெற்றிடத்தையும் நறுக்கியே தரும். மேற்கோள் குறிக்குள் வராத மதிப்பை, யாமல் (YAML) என்னும் அமைப்பு ஃபைல் வடிவமும் அப்படியே செய்யும். இவர்கள் நறுக்கற் கட்சியார். ஜாவா, வந்ததை வைத்துக்கொள்ளும் கட்சி.

அங்ஙனமாயின் எங்கும் நறுக்கிவிடுக எனின், அற்றன்று. 2004-இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் என்னும் குறிமொழியில், வரிக்கடைசியில் இரண்டு ஸ்பேஸ் விட்டால் அடுத்த வரிக்கு இறங்கு என்று பொருள். நறுக்கினால் அப்படி எழுதிய முகவரியின் நான்கு வரியும் ஒன்றாய் ஓடிவிடும். ஆகவேதான் எடிட்டர்களுக்கு விதி சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் ஃபைலில் மற்றதற்கெல்லாம் நறுக்கு என்று சொல்பவர்களும் மார்க்டவுனுக்கு மட்டும் விலக்கு எழுதிவைக்கிறார்கள். 2003 ஏப்ரல் 1 அன்று வெளியான ஒயிட்ஸ்பேஸ் என்னும் நிரல்மொழிக்கோ ஸ்பேஸ், டேப், புது வரி மூன்றுமே எழுத்து. நறுக்கினால் புது வரிகள் மட்டுமே மிஞ்சும்! தேதியைப் பார்த்துச் சிரிக்கலாம். நிரல் உண்மையாகவே ஓடும்.

நோய் காண வழி எளிது. லினக்ஸில் 'கேட் -ஏ' (cat -A) என்று கொடுத்தால் வரி முடியும் இடத்தில் டாலர் குறி விழும். கடைசி எழுத்துக்கும் குறிக்கும் நடுவே சந்து தெரிந்தால் ஆசாமி அகப்பட்டான். நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் (Git) அவற்றைப் பார்த்தால், புதிதாகச் சேர்ந்த வெற்றிடம் சிவப்பாகவே நிற்கும்.

இனி, பாஸ்வேர்டையே வேண்டுமென்று ஸ்பேஸில் முடித்துக்கொண்டவருக்கு விதி என்னை எனின், ஜாவாவில் அவர் பிழைத்தார். கான்ஃபிக்பார்சரிடம் திண்டாட்டம்தான்: மேற்கோள் குறிக்குள் பொதிந்து கொடுத்தாலும், அது குறியையும் பாஸ்வேர்டோடு சேர்த்தே நீட்டும்.