விரல்பலகைக்கு என்ன மரம்?

கேள்வி: வீட்டிலேயே கிதார் செய்கிறேன். விரல்பலகைக்குத் தோதகத்தி வேண்டும் என்கிறார்கள். எங்கே வாங்குவது, எப்படி அறுப்பது?

பதில்: உலகமெங்கும் கிதார் செய்பவர்கள் கப்பலில் வரவழைக்கும் மரம் அது, பிறந்த வீடு நம் மேற்குத் தொடர்ச்சி மலை. அதற்காகக் கோடரியோடு காட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் வெட்டினால் கிதாருக்கு முன்பே வழக்கு தயாராகிவிடும்.

பழைய மரக்கடைக்குப் போங்கள். தாத்தா காலத்துக் கட்டில் சட்டத்தில் 50 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம் தேறினால் போதும். பல்லாண்டு காய்ந்த மரம் புதுப் பலகையைவிட நம்பகமானது. காந்தத்தால் தடவி, ஒளிந்திருக்கும் ஆணிகளை முதலில் பிடுங்குங்கள். ரம்பப் பல் பிழைக்கும்.

அறுக்கும்போது பலகையின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். படுத்திருந்தால் மழைக்காலத்தில் பலகை குழியும். 8 மி.மீ. கனத்தில் அறுத்து, சில வாரம் வீட்டுக் காற்றில் விட்டு, 6 மி.மீ.க்கு இழையுங்கள்.

பலகை தயாரானதும் அடுத்த வேலை மெட்டுகள். வீணை மெட்டு மெழுகில் நிற்பது, நகர்த்தித் திருத்தலாம். கிதாரில் மெட்டுக்குப் பள்ளம் வெட்டினால் வெட்டியதுதான். தந்தி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம்: 648 மி.மீ.க்கு 36.4 மி.மீ. மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போங்கள். பள்ளத்துக்குச் சுமார் 0.6 மி.மீ. வெட்டும் மெல்லிய ரம்பம் வேண்டும். சாதாரணத் தச்சு ரம்பம் அகலமாகக் கிழித்துவிடும். முகமூடி மறக்காதீர்கள், தோதகத்தித் தூள் பலருக்கு ஒவ்வாது.