குலுங்கிய கேள்விகள், குலுங்காத பதில்கள்

கே: காரில்தான் ஸ்பிரிங் இருக்கிறதே, அப்புறம் எதற்கு ஷாக் அப்சார்பர்?
(திண்டுக்கல் வாசகர்)

ப: பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்தான். ஆனால் வாங்கியதை வைத்துக்கொள்ளத் தெரியாது, உடனே திருப்பிக் கொடுத்துவிடும். ஊஞ்சலை ஆட்டிவிட்டால் யாராவது காலை ஊன்றும்வரை ஆடிக்கொண்டே இருக்குமல்லவா? அந்தக் கால் ஊன்றுகிற வேலை ஷாக்குக்கு. ஒரு குழாய், அதற்குள் எண்ணெய், எண்ணெயில் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் உள்ள பொடித் துளைகள் வழியே எண்ணெய் முண்டியடித்துப் போகும்போது ஆட்டமெல்லாம் சூடாகிக் காற்றில் கலந்துவிடும். கரடுமுரடான சாலையில் வெகுதூரம் போனால் ஷாக் சுடும். தொட்டுப் பார்க்க வேண்டாம், என்னை நம்புங்கள்.

கே: 'காஸ் ஷாக்' போடச் சொல்கிறார் கடைக்காரர். காஸ் தீர்ந்துபோனால்?
(சேலம் வாசகி)

ப: புக்கிங் கிடையாது, மானியமும் கிடையாது. உள்ளே இருப்பது நைட்ரஜன். எண்ணெய் ஓயாமல் அலைக்கழிந்தால் நுரைத்துவிடும். நுரை துளைகளில் தடையில்லாமல் நழுவிப் போகும், ஷாக்கின் பிடி தளரும். அழுத்தத்தோடு அடைத்த நைட்ரஜன் அந்த நுரையை எழவிடாது. காஸ் ஷாக்கிலும் ஆட்டத்தை அடக்குவது எண்ணெய்தான்.

கே: அந்தக் காலத்து கார்களில் இதெல்லாம் இருந்ததா?
(காரைக்குடி வாசகர்)

ப: 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி காரோடு ஷாக் வராது. வேண்டியவர்கள் வெளியே வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். அடுத்து வந்த மாடல் ஏ-யில்தான் ஹைட்ராலிக் ஷாக்கைக் கம்பெனியே பொருத்திக் கொடுத்தது.

கே: ஷாக் போய்விட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(திருச்சி வாசகர்)

ப: ஷாக் ஒரே நாளில் போகாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், ஓட்டுகிறவருக்கு அதுவே பழகிவிடும். எப்போதோ வந்து பின்சீட்டில் உட்காரும் மாமனார் முகம் சுளித்தால் அலட்சியம் செய்யாதீர்கள். பிரேக் போட்டால் காரின் மூக்கு கீழே குத்துகிறதா? வளைவில் ஒரு பக்கமாகச் சாய்கிறதா? டயரைத் தடவினால் மேடும் குழியுமாகத் தட்டுப்படுகிறதா? காரின் ஒரு மூலையை அமுக்கி விட்டுப் பாருங்கள். எழுந்து உடனே அடங்கினால் சரி, இரண்டு மூன்று முறை ஆடினால் சந்தேகம். இந்தச் சோதனையில் தேறிவிட்டாலும் முழு நற்சான்றிதழ் ஆகாது, ஷாக்கையும் குனிந்து பாருங்கள். லேசாக எண்ணெய்ப் படலம் இருந்தால் பரவாயில்லை. நனைந்து வழிந்தால் அதன் காலம் முடிந்தது.

கே: பைக் ஃபோர்க்கில் ஆயில் மாற்றுகிறோமே. கார் ஷாக்கிலும் ஆயில் ஊற்றித் தருவதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார்...
(ஈரோடு வாசகர்)

ப: பைக் ஃபோர்க்கைப் பிரித்து, சீல் மாற்றி, ஆயில் ஊற்றி மூடலாம். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். சாதாரண கார் ஷாக்கைத் தொழிற்சாலையிலேயே மூடி முடித்துவிடுகிறார்கள். அதில் ஓட்டை போட்டு, கிடைத்த எண்ணெயை ஊற்றி, வெல்டு வைப்பது வைத்தியத்தில் சேராது. புதிதாக மாற்றுங்கள். அதுவும் ஜோடியாக: முன்பக்கம் என்றால் முன்பக்கம் இரண்டும், பின்பக்கம் என்றால் பின்பக்கம் இரண்டும். மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசிக் கவசம் நைந்திருந்தால் அதே கூலியில் அவற்றையும் மாற்றிவிடலாம். முன்பக்க ஸ்ட்ரட்டை (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பை) கழற்றி மாட்டினால் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். இதையெல்லாம் யூடியூப் பார்த்து வீட்டில் செய்ய வேண்டாம். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே அடித்துப் போட்டுவிடும்.

கே: காரின் அடிப்பாகம் தரையில் இடிக்காமல் இருக்க ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் வைக்கலாமா?
(நாகர்கோவில் வாசகர்)

ப: கார் கொஞ்சம் உயரும், உண்மைதான். ஆனால் பஃபர் வைத்த இடத்தில் ஸ்பிரிங் சுருங்க முடியாது, மிச்சமுள்ள சுற்றுகள்தான் முழு வேலையையும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் விறைத்துவிடும். பழைய ஸ்பிரிங்குக்கென்று அளவெடுத்த ஷாக்குக்கு இந்தப் புது விறைப்பு ஒத்துவராது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஸ்பிரிங்கையே மாற்றுங்கள்.

கே: எங்கள் தெரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் கார் அழுகிறது. குற்றம் ஷாக்கிலா, தடையிலா?
(மதுரை வாசகி)

ப: இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலத்தில் வழவழப்பான வளைவாக இருக்க வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் அதைக் கடந்துவிடலாம். உங்கள் தெருவில் இருப்பது மீந்துபோன தாரைக் கொட்டிக் குவித்ததாக இருந்தால் ஷாக்குக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன். தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஏறும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் மிதித்தபடி ஏறினால் முன்பக்கம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அடி வாங்க இடமிருக்காது.

கே: புது ஷாக் போட்டும் 'கடக் கடக்' சத்தம் போகவில்லையே?
(வேலூர் வாசகர்)

ப: லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ் மூன்றும் அதே ராகத்தில் பாடும். இனிமேல் முதலில் நோயைக் கேளுங்கள், பிறகு பில்லை.

கே: குலுக்கல் எனக்குப் பழகிவிட்டது. மாற்றாமலே ஓட்டினால் என்ன?
(தஞ்சாவூர் வாசகர்)

ப: உங்கள் இடுப்பு, உங்கள் உரிமை. ஆனால் ஷாக்கின் முதல் கடமை டயரைத் தரையில் பிடித்துவைப்பது. டயர் துள்ளினால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் எதைப் பிடிக்கும்? கார் நிற்கும் தூரம் கூடும், மழைநாளில் வழுக்கும். எதிரே வருகிறவருக்கு உங்கள் குலுக்கல் பழகியிருக்காது. அடுத்த சர்வீஸில் காரை லிஃப்டில் ஏற்றியதும் காபி குடிக்கப் போகாமல், நான்கு ஷாக்கையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.