பெயர் தெரியாமல் பிடுங்குவதா?

பாத்ரூம் ஜன்னல் நிலையில் காளான் முளைத்தால், பொறுப்புள்ள குடும்பஸ்தன் ஆசாரியைக் கூப்பிடுவான். நான் லென்ஸ் வாங்கினேன். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, பத்து மடங்கு பெரிதாகக் காட்டுமே, அந்த ரகம். ஐப்பசி மழையில் ஒரு மனிதன் பாத்ரூம் ஸ்டூலின் மேல் ஏறி நின்று, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கமே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எதிர்வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை லென்ஸ் விற்றவர் சொல்லவில்லை. மறுநாளே எதிர்வீட்டில் திரைச்சீலை மாட்டிவிட்டார்கள்.

கண்டுபிடித்த பெருமை உண்மையில் என் மனைவிக்குத்தான். “ஏங்க, ஜன்னல்ல யாரு கேசரியை அப்பி வச்சது?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

நிறம் கேசரியேதான். நிலையின் கீழ்க்கட்டையில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பு நெடுக ஆரஞ்சு மஞ்சளில் சின்னச் சின்ன விசிறிகள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அடியில் ஒடுங்கிய காம்பு, மேலே தட்டையாக விரிந்து, ஓரத்தில் லேசான பிளவு. குடையும் இல்லை, குடைக்கு அடியில் செவுளும் இல்லை. தொட்டால் வழவழவென்று நழுவியது. லென்ஸில் பார்த்தபோது காம்பில் மட்டும் மெல்லிய பூனைமயிர் தெரிந்தது.

“பிடுங்கிப் போட்டுட்டு பினாயிலை ஊத்துங்க.”

“பெயர் தெரியாமல் எப்படிப் பிடுங்குவது?” என்றேன். தாம்பரத்தில் இத்தனை வருஷம் குடியிருந்தும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் ‘சார், சார்’ என்றே ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறவன் கேட்ட கேள்வி இது.

முதலில் கைபேசிச் செயலியிடம் போனேன். படம் எடுத்துக் காட்டினால் பெயர் சொல்லும் என்றார்கள். சொல்லத்தான் செய்தது, ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பெயர். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததைத் துலுக்கச் சாமந்தி என்றது. அளவு தெரியட்டும் என்று விரலை வைத்து எடுத்த படத்தில் காளானை விட்டுவிட்டு என் விரலை ஆராயத் தொடங்கியது.

அடுத்து குடும்ப வாட்ஸப் குழு. படத்தைப் போட்ட மறுநிமிடமே சித்தப்பா கேட்டார்: “சாப்பிடலாமா?” எங்கள் குடும்பத்தில் உயிரினங்களை இரண்டாகப் பிரிப்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடும். மச்சான் ஒரு படி மேலே போய், வெள்ளிக் காசு போட்டு வேகவைத்துப் பார்க்கச் சொன்னார். காசு கறுத்தால் விஷமாம். வெள்ளியைக் கறுக்கவைப்பது கந்தகம். கொல்லக்கூடிய காளான்கள் பல வெள்ளியைச் சீண்டுவதே இல்லை. பளபளவென்று காசையும் வைத்துக்கொண்டு ஆளையும் அனுப்பிவிடும். இதை விளக்கிப் பெரிய பதிவு போட்டேன். பதிலுக்கு ஒரு காலை வணக்கம் வந்தது.

தெருக்கோடியில் தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மேடம் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோவதற்காக இரண்டு விசிறிகளை பிளேடால் அடிக்கட்டையோடு கீறி எடுத்து செய்தித்தாளில் வைத்தேன். மழை வெறித்து, ஃபேனும் ஓடியதில், மாலைக்குள் அவை மாயம். கூர்ந்து பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் காய்ந்த நூல்துண்டு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, காபி குடித்துத் திரும்பிப் பார்க்கிறேன்: பழைய உயரம், பழைய விசிறி, பழைய வழவழப்பு. வெயிலில் சுருங்கிக் கிடந்து, அடுத்த மழைக்கு ஒன்றுமே நடக்காதது போல எழுந்து நிற்பது ஜெல்லிக் காளான்களின் வழக்கமாம். இந்தத் திறமை எனக்கு இருந்திருந்தால் ஆபீசில் எங்கேயோ போயிருப்பேன்.

மேடம் காளானைப் பார்ப்பதற்கு முன் கட்டையைப் பார்த்தார். “என்ன மரம்?”

“தேக்கு மேடம்.”

“யார் சொன்னது?”

விற்றவன் சொன்னதுதான். தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியைக் காளான் சுலபத்தில் தொடாது என்றார். வெளிப்பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு அந்தத் தெம்பு கிடையாது. இது வெள்ளைக் கட்டையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தேக்கே இல்லை. எப்படிப் பார்த்தாலும் இந்த வீட்டின் ஜன்னல்களைப் பற்றி விருந்தாளிகளிடம் நான் இதுவரை பேசிவந்ததில் பெரும்பகுதி அங்கேயே அடிபட்டுப் போனது.

பிறகு விசாரணை தொடங்கியது. மஞ்சள் ஜெல்லி என்றதும் எல்லோரும் சொல்லும் டிரெமெல்லா மெசென்டெரிகாவை முதலில் கழித்துவிட்டார். அது மடிப்பு மடிப்பாகச் சுருண்டு கிடக்கும். அது மரத்தைத் தின்பதும் இல்லை, மரத்தில் இருக்கும் வேறொரு காளானைத் தின்கிறது. கலோசெரா கார்னியா என்று இன்னொன்று உண்டு. நெருங்கிய சொந்தம், ஆனால் சின்னக் கொம்பாக உருண்டு நிற்கும், தட்டையாக விரியாது. கடைசியில் கடுகளவு துண்டைக் கண்ணாடிச் சில்லில் வைத்து நசுக்கி, சாயம் ஒரு துளி விட்டு, தன் பழைய மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொன்னார். முதலில் தெரிந்தது என் கண்ணிமை. அவர் குழாயைத் திருகிக் கொடுத்த பிறகு, வரிசையாகக் கவட்டை நிற்பது தெரிந்தது. உண்டிவில்லுக்கு ஒடிப்போமே, அதே கவட்டை. வித்துகளைத் தாங்கும் செல் இப்படி இரண்டு கையாகப் பிரிவதுதான் இந்தக் குடும்பத்தின் அடையாளம். ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு வித்து. உதிர்ந்த வித்துகள் சிலவற்றின் நடுவே ஒரு குறுக்குச் சுவர் ஓடியது. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு நீளமுள்ள வித்து. அதற்குக்கூட உள்ளே தடுப்பு வைத்து இரண்டு அறை. என் வீட்டில் அலமாரிக்குத் தடுப்பு வைக்க நான் இன்னும் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

“டாக்ரியோபினாக்ஸ் ஸ்பாத்துலேரியா” என்றார் மேடம். எழுதி வாங்கிக்கொண்டேன்.

இதற்கு முதலில் பெயர் வைத்தவர் லூயிஸ் டேவிட் டி ஷ்வைனிட்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார். வடக்கு கரோலினாவின் காளான்களைத் தொகுத்து 1822-இல் வெளியிட்டபோது மெருலியஸ் பேரினத்தில் சேர்த்தார். பிறகு குவெபினியாவுக்குப் போனது. 1948-இல் ஜி. டபிள்யூ. மார்ட்டின் டாக்ரியோபினாக்ஸுக்கு மாற்றினார். புத்தகத்தில் இத்தனை இடம் மாறியது என் நிலையில் மட்டும் நிலையாகக் குடியேறியிருக்கிறது.

“ரொம்ப அபூர்வமா மேடம்?” என்று ஆசையாகக் கேட்டேன்.

“வெப்ப நாடுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. யாரும் குனிந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.”

இந்த இரண்டு வாக்கியங்களையும் தெருவில் யாரிடமும் நான் சொல்லவில்லை. அபூர்வம் என்றுதான் சொல்லிவந்தேன். வேறு செய்திகளும் கைவசம் இருந்தன. சீனாவில் இதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் (சித்தப்பாவுக்குச் சொன்னேன்; பெயின்டும் பினாயிலும் குடித்து வளர்ந்த ஜன்னல் காளானை வாயில் வைக்கக் கூடாது என்று மேடம் எச்சரித்ததையும் சேர்த்தே). இதைத் தொட்டியில் வளர்த்துப் பிரித்தெடுக்கும் கிளைகோலிப்பிட் என்ற பொருளை, பானங்கள் கெட்டுப்போகாமல் காக்கச் சேர்க்கலாம் என்று 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்திருக்கிறது. அதற்கு இ 246 என்று எண்ணும் உண்டு. ஊரார் குடிக்கும் கூல்டிரிங்கைக் காப்பாற்றுவது, என் ஜன்னலைத் தின்கிறது.

“அப்ப அந்தக் கூல்டிரிங்க் கம்பெனிக்கே ஜன்னலை வித்துடுங்க” என்று சொல்லிவிட்டு என் மனைவி ஆசாரிக்கு போன் போட்டாள்.

ஆசாரி லென்ஸ் இல்லாமல் வந்தார். ஸ்குரூடிரைவரைக் கீழ்க்கட்டையில் வைத்து லேசாக அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது கூடவே பழுப்புத் துண்டுகள் சதுரம் சதுரமாக உதிர்ந்தன. காளானில் ஒரு வகை மரத்தின் செல்லுலோஸைத் தின்றுவிட்டு, லிக்னினை வைத்துவிட்டுப் போகும். மிச்சம் இப்படித்தான் பழுத்து, கட்டம் கட்டமாக வெடிக்கும். வெளியே கேசரி தெரிவதற்கு வெகு காலம் முன்பே உள்ளே பந்தி முடிந்திருக்கும். இதை நான் ஆசாரிக்கு விளக்கினேன்.

“அதெல்லாம் சரி சார். தண்ணி எங்கேர்ந்து வருது?”

மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எந்தக் காளானும் அண்டாது என்று படித்திருந்தேன். என் ஜன்னல் மரத்துக்கு ஈரம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. ஆசாரி தலையை வெளியே நீட்டி, அண்ணாந்து பார்த்தார். சன்ஷேடின் வாட்டம் வெளிப்பக்கம் இருப்பதற்குப் பதில் சுவர்ப்பக்கம் இருந்தது. மழை பெய்யப் பெய்ய, மொத்தத் தண்ணீரும் நிலையின் தலையில்.

கொத்தனார் வந்தார், வாட்டம் திருந்தியது. பழைய நிலையைப் பெயர்க்கும்போது காளானோடு ஒரு சாண் கட்டையைச் சிந்தாமல் சிதறாமல் அறுத்துத் தரச் சொல்லி, ஆசாரியின் பக்கத்திலேயே நின்றேன். அவர் போட்டுக் கொடுத்த பில்லில் புது நிலை, கூலி, ஸ்குரூ, ஆணி எல்லாம் போக, கடைசி வரி இப்படி இருந்தது: ‘காளான் பத்திரமாக எடுத்துக் கொடுத்த வகையில் – ரூ. 200.’

பேரம் பேச வாயெடுத்தேன்.

“அபூர்வச் சரக்குன்னு தெரு பூரா நீங்கதானே சார் சொன்னீங்க?” என்றார்.