இங்கு நலம்

வாலே பேராண்டி, உக்காரு. விடிஞ்சதுல இருந்து போனைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கும் தொழுவத்துக்கும் நடக்கியே, ஆடு கீடு காணாமப் போச்சோன்னு பாத்தேன். டிஜிபின்னா? 2025 மே மாசம் தபால் துறை கொண்டுவந்ததா? நாடு பூராவும் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பத்தெழுத்துல ஒரு நம்பரா? சரித்தான்.

இந்தக் கூத்தை நான் ஏற்கெனவே ஒருக்கப் பாத்தவன்லே. 1972 ஆகஸ்ட் 15-ல பின்கோடு வந்துச்சு. வகுத்தவரு ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர்னு ஒரு அதிகாரி. சமஸ்கிருதத்துல கவி பாடுறவரு. சீர் பிரிக்கிற மாதிரி நாட்டையே ஆறு எண்ணுக்குள்ள பிரிச்சுட்டாரு. மொத எண் மண்டலம். தமிழ்நாடு, கேரளத்துக்கெல்லாம் 6. பட்டாளத்துக்குத் தனியா 9. மொத மூணும் சேந்தா தபால் பிரிக்கிற மாவட்டம், கடைசி மூணும் நம்ம தபாலாபீசு. சும்மாவா செஞ்சாரு? ஒரு ஜில்லாவுலயே எத்தனை புதூரு, எத்தனை புதுப்பட்டி! ஒரு புதூருக்கு எழுதுன கடுதாசி இன்னொரு புதூர்ல போயி விருந்தாடிட்டு வரும்.

நாங்க என்ன செஞ்சோம்? ‘எம்பேரைச் சொன்னா காக்கா கூட வழி காட்டும், எனக்கெதுக்குலே நம்பரு’ன்னு மீசையை முறுக்கினோம். இன்லாண்டு லெட்டர்ல ஆறு கட்டம் அச்சடிச்சுக் குடுத்தான். நான் அதுல ‘இங்கு நலம்’னு எழுதி உங்க ஆச்சிக்கு அனுப்பிட்டேன். கட்டமும் ஆறு, எழுத்தும் ஆறு, கச்சிதமா உக்காந்துச்சு. தபால்காரரு கடுதாசியைக் குடுத்துட்டு, ‘அங்க நலமாம்’னு வாயாலயும் சொல்லிட்டுப் போனாராம்.

அதனால, கெழவன் புத்தி மூணு கேட்டுக்க.

ஒண்ணு: திண்ணைக்கு ஒரு நம்பரு, தொழுவத்துக்கு ஒரு நம்பருங்கிற சேதியை உங்க சித்தப்பன் காதுல போட்டுறாத. பாகம் பிரிக்க நாள் பாத்துக்கிட்டு இருக்கான். கட்டத்துக்கு ஒரு வக்கீல் வச்சிருவான்.

ரெண்டு: இந்தக் கட்டத்துக்கு மாடி, கீழன்னு பேதம் தெரியாது. மேல மருமக, கீழ மாமியா, ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரு. மருமகளுக்கு வந்த பார்சலை மாமியா பிரிச்சா அப்புறம் போலீஸ் ஸ்டேஷன் நம்பரைத்தான் தேடணும். பேரைப் பெருசா எழுது.

மூணு: புதுச் செருப்பு வாங்குனதுக்காகக் காலை வெட்டிக்கிடாத. பின்கோடு போகலை, அது பாட்டுக்கு இருக்கும். அதையும் எழுது.

என்னலே சிரிக்க? கேலி பண்ணுதேனே தவிர, வேண்டாம்னு சொல்லலை. கதவு நம்பரே இல்லாத நம்ம தோட்டத்து மோட்டார் ரூம்ல ராத்திரி பாம்பு கடிச்சுதுன்னு வையி. ‘வேப்பமரத்துக்குக் கெழக்க’ன்னா, 108 வண்டிக்காரன் எந்த வேப்பமரம்னு கேப்பான். அன்னைக்கு மீசையை முறுக்கி என்ன செய்ய?

உங்க ஆச்சி வர்றதுக்குள்ள அந்த மோட்டார் ரூம் நம்பரைக் காலண்டருக்குப் பின்னால எழுதிக் குடு. பத்துக் கட்டம் போட்டு எழுதுலே. இந்தத் தடவை நலம் விசாரிக்க மாட்டேன்.