பத்து வகைக் குற்றவாளியும் பதினோராவது ஆளும்

குண்டர் சட்டம் என்று நாம் சுருக்கிச் சொல்கிறோமே, அதன் முழுப் பெயரை ஒருமுறை மூச்சு விடாமல் சொல்லிப் பாருங்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், இணையவழிக் குற்றவாளிகள், போதை மருந்துக் குற்றவாளிகள், வனக் குற்றவாளிகள், குண்டர்கள், விபச்சாரத் தொழில் நடத்துவோர், மணல் கடத்துவோர், பாலியல் குற்றவாளிகள், குடிசைப் பகுதி நிலத்தைப் பறிப்போர், வீடியோ திருடர்கள். 1982இல் வந்த சட்டம். ஆட்சி மாற மாற ஆள் சேர்த்து இப்போது பத்து வகை ஆகியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில்கூட இத்தனை உறவு இராது.

2023 நவம்பரில் இந்தப் பத்துக்குள் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் ஒரு விவசாயியை நுழைக்க வேண்டிய நெருக்கடி திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தது.

செய்யாறு பக்கம் மேல்மா. சுற்றுப்பட்டு ஊர்களையும் சேர்த்து 3,000 ஏக்கருக்கு மேல் சிப்காட் தொழிற்பேட்டையின் மூன்றாம் அலகுக்கு வேண்டும் என்றது அரசு. நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளைகிற மண் என்றார்கள் ஊர்க்காரர்கள். பந்தல் போட்டு 100 நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். நவம்பர் 4ஆம் தேதி 20 பேர் கைது. அவர்களில் 7 பேர் மேல் குண்டர் சட்டம்.

கோப்பு எழுதிய அதிகாரியின் பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் பாவமாக இருக்கிறது. எந்த வகையில் போடுவது? சாராயமா? ஊறல் போட விவசாயிக்கு நேரம் ஏது, ராத்திரி மோட்டார் போடவே எழுந்திருக்க வேண்டும். மணல் கடத்தலா? தினமும் அரைக் கிலோ வயல் சேற்றைக் காலில் ஒட்டிக்கொண்டு வீடு வரை கடத்துகிறார்தான். ஆனால் லாரி இல்லை, ரசீது இல்லை. வீடியோ திருட்டா? போராட்டத்தை செல்போனில் எடுத்தார்களே, அதைச் சேர்க்கலாமா? நிலப் பறிப்பு என்று போடலாம், அதுதான் கிட்டத்தட்டப் பொருந்தும். என்ன ஒன்று, பட்டா அவர் பெயரிலேயே இருந்து தொலைக்கிறது. நிலத்தைப் பறிக்கிறவர் யார் என்று தேடப் போனால் கோப்பு வேறு திசையில் போய்விடும். கடைசியில் அந்தப் பெரிய மனசுக்காரர் எல்லோரையும் குண்டர் ஆக்கினார். உழைத்து உழைத்து ஒடுங்கிப்போன உடம்புகளுக்கு இப்படி ஒரு பட்டம்!

ஊர் உலகம் திட்டியது. குடும்பத்தார் மனு கொடுத்தார்கள், 6 பேர் மேல் போட்டதை அரசு ரத்து செய்தது. அதற்குப் பெயர் கருணை. அடித்த கைக்கே தைலம் தேய்க்கிற பெருமையும் கிடைப்பது இந்த நாட்டில்தான்.

விவசாயிக்கு வேறு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். 2013இல் மத்திய அரசு ஒரு நிலச் சட்டம் போட்டது. தனியார் திட்டமென்றால் நிலத்துக்காரர்களில் 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும், சமூகத் தாக்கத்தை ஆராய வேண்டும், பல போகம் விளையும் பாசன நிலத்தைக் கடைசிப் புகலாகத்தான் தொட வேண்டும். நல்ல சட்டம். நம்மவர்கள் உடனே சுதாரித்துக்கொண்டார்கள். தி.மு.க. ஆட்சியில் வந்த 1997 தொழில் நிலச் சட்டத்தை அ.தி.மு.க. ஆட்சி அந்த மத்தியச் சட்டத்தில் 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து அந்த நிபந்தனைகளிலிருந்து விலக்கி வைத்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டிலேயே புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள், 2021இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. சட்டசபையில் ஒருவர் வேட்டியை ஒருவர் உருவுகிற இரு கட்சிகள், நஞ்சை என்று வந்துவிட்டால் ஒரே ஏரில் பூட்டிய சோடி மாடு. 2023 ஏப்ரலில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் வேறு. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டமென்றால், உள்ளே ஏரி, ஓடை இருந்தாலும் சேர்த்தே கொடுக்கலாம். விவாதம்? அதற்கெல்லாம் நேரமில்லை. பாசன வசதியே இல்லாத சட்டமன்றம் அது. வறண்டு கிடப்பதில் வியப்பில்லை.

கிராம சபை இருக்கிறதே என்பார்கள். பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று, அதற்கு நிலம் பறிபோகும் ஏகனாபுரம் தீர்மானம் போட்டது, மறுபடி போட்டது, அதற்கு மேலும் போட்டது. ஆண்டுக்கு ஆறு கிராம சபை என்று உயர்த்தியதும் அந்த விமான நிலையம் கேட்ட அரசேதான். காகிதச் செலவுக்குக் குறைவில்லை.

அந்த அரசின் 2024 பொங்கல் பரிசாக எங்கள் ரேஷன் கடையில் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, முழுக் கரும்பு, ஆயிரம் ரூபாய். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி கரும்பைத் தூக்கிக் கணுவை எண்ணினார், அடிப்பக்கம் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"எந்த ஊருக் கரும்பு தம்பி?"

"எந்த ஊரா இருந்தா என்ன பாட்டி. ரேகை வை."

வைத்தார். மெஷின் கீச்சிட்டது. மறுபடி வைத்தார். களை பிடுங்கித் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை.

"துடைச்சிட்டு வை பாட்டி, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."