நான் ரோபோ அல்ல

பெறுநர்: ஸ்மார்ட் சிட்டி பிரிவு அதிகாரி, எங்கள் ஊர் மாநகராட்சி.

ஐயா,

எங்கள் தெரு நடைபாதையில் மஞ்சள் டைல்ஸ் பதித்ததற்கு முதலில் நன்றி. 1967-ல் ஜப்பானின் ஒகாயாமாவில் பார்வையற்றோருக்காக முதன்முதலாகப் பதித்தார்களே, அந்த வகைக் கல். அதன் இலக்கணம் எளிது: கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். உங்கள் ஒப்பந்ததாரர் இலக்கணத்தையே திருத்திவிட்டார். கோட்டை நம்பிப் போனால் நேரே மின் பெட்டி. சுற்றி வந்தால் டீக்கடை பெஞ்சு. (டீக்கடைக்காரரைக் குறை சொல்லமாட்டேன். "அண்ணே, இடப்பக்கம் வாங்க" என்று அந்தத் தெருவில் வழி சொல்வது அவர் ஒருவர்தான்.) புள்ளிக் கற்களையும் வீணாக்கவில்லை, பூங்கா வாசலில் கோலம் மாதிரிப் பதித்திருக்கிறார்கள்.

புகார் சொல்ல, செயற்கை நுண்ணறிவு பேசும் உங்கள் புதிய செயலியைத் திறந்தேன். "தடையைப் படம் எடுத்து அனுப்பவும்" என்றது. பிறவியிலேயே பார்வை இல்லாதவன் நான். ஆனாலும் பெட்டி இருக்கும் திசையை முழங்கால் காட்டிக்கொடுத்ததால் எடுத்துவிட்டேன். "படம் தெளிவாக இல்லை" என்றது. மறுபடி எடுத்தேன். அடுத்து, நான் மனிதன்தானா என்று அதற்குச் சந்தேகம். சிக்னல் உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. எங்கள் தெருமுனை சிக்னலே எனக்குத் தெரியாது ஐயா, அது வாய் திறக்காது. ஒலிப் பொத்தானை அழுத்தினால், மழை இரைச்சலுக்கு நடுவே யாரோ ஆங்கிலத்தில் முனகினார்கள். கடைசியில் நான் மனிதன் என்பதை டீக்கடைக்காரர் நிரூபித்துக் கொடுத்தார்.

இப்படி ஊரார் பொறுக்கிக் கொடுத்த படங்களை வைத்தும்தான் இயந்திரங்களுக்குச் சாலையைக் கற்பித்தார்களாம். அந்த வகுப்பில் எனக்கு இடமில்லை. மின் பெட்டி என்பது முழங்காலில் இடிக்கும் பொருள் என்று அவற்றுக்கு யார் சொல்லித் தந்திருக்கப் போகிறார்கள்?

மறுநாளே பதில்: "நடைபாதை உள்ளது. மஞ்சள் கல் உள்ளது. புகார் தீர்க்கப்பட்டது."

அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி அடையாளச் சரிபார்ப்பு பற்றிய வழக்கில், டிஜிட்டல் அணுகலும் வாழ்வுரிமையே என்று 2025 ஏப்ரலில் மறுபடி சொன்னது. தீர்ப்பின் படமும் தெளிவாக இல்லையோ என்னவோ.

மின் பெட்டியை நகர்த்துங்கள். அடுத்த செயலியைச் சோதிக்கும்போது எங்களில் நாலு பேரைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள். விவரமான மனுவைப் பிரெயிலில் இணைத்திருக்கிறேன். வாசிக்க வரவில்லையென்றால், படம் எடுத்து உங்கள் செயலியில் ஏற்றிப் பாருங்கள்.

இப்படிக்கு,
டீக்கடைக்காரர் சாட்சியாக, மனிதன்